இத்தாலிக்குச் சமையல் படிக்க வருகிறீர்களா? பள்ளித் தேர்வு முதல் பெர்மெஸ்ஸோ (குடியிருப்பு அனுமதி) வரை

ஓட்டல் மேனேஜ்மென்ட் முடித்துவிட்டு இத்தாலிக்குச் சமையல் படிக்க வரலாமா என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் வட இத்தாலியில் பார்மா நகரத்துக்குப் பக்கத்தில் படிக்கிறேன். அடுப்படி வேலை கஷ்டம்தான், ஆனால் அது தெரிந்தே வந்த கஷ்டம். ஆளை உலுக்கி எடுப்பது காகிதம். எந்தக் காகிதம் எதற்கு முன்னால் வரவேண்டும் என்பதை ஏஜென்ட்டுகள் சொல்வதே இல்லை, சொன்னாலும் பாதிதான் சொல்கிறார்கள். கீழே உள்ள தொகைகள் 2025 நிலவரம், நீங்கள் விண்ணப்பிக்கும்போது ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்த வகைப் பள்ளி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாமே இதில்தான் தொங்குகிறது. சமையல் சார்ந்து படிக்க இங்கே இரண்டு பாதைகள் உண்டு, இரண்டுக்கும் விசா வழி வேறு, உதவித்தொகை வேறு, படிப்பு முடிந்தபின் கிடைக்கும் உரிமையும் வேறு.

ஒன்று, தொழிற்பயிற்சிப் பள்ளிகள். பார்மா அருகே கொலோர்னோ அரண்மனையில் இயங்கும் ஆல்மா, பியெமோந்தே மண்டலத்தில் கோஸ்தில்யோலே தாஸ்தி கோட்டையில் இருக்கும் ஐ.சி.ஐ.எஃப் இரண்டும் இந்த வகை. சில மாதம் பள்ளி அடுப்படி, பிறகு ஏதாவது ஓர் உணவகத்தில் ஸ்டேஜ், அதாவது பயிற்சி வேலை, கடைசியில் டிப்ளமோ. கை வேலை கற்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் இது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. கட்டணமும் லேசுப்பட்டதல்ல, ஒரு வருடத்துக்குள் முடிகிற படிப்புக்கே ஐந்து இலக்க யூரோ கேட்கும் இடங்கள் உண்டு.

இன்னொன்று, பல்கலைக்கழகம். பிரா ஊரை ஒட்டிய பொல்லென்ட்ஸோவில் இருக்கும் காஸ்ட்ரோனமிக் சயின்சஸ் (உணவியல்) பல்கலைக்கழகம் தனியார், செலவு அதிகம். பார்மா பல்கலைக்கழகத்திலும் காஸ்ட்ரோனமி பட்டப்படிப்பு இருக்கிறது, அது அரசுடையது. இரண்டிலுமே நாள் முழுக்க அடுப்பு முன்னால் நிற்கப் போவதில்லை. உணவு வேதியியல், பொருளாதாரம், வரலாறு, ருசி பார்க்கும் முறை என்று போகும். சமையல்காரராக வேண்டும் என்று நினைத்து இங்கே சேர்ந்துவிட்டு முதல் செமஸ்டரிலேயே முழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பொறி எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். "இத்தாலியில் படிப்பு இலவசம், ஸ்காலர்ஷிப்பும் கொடுப்பார்கள்" என்று ஊரில் போஸ்டர் ஒட்டுகிறார்களே, அது பல்கலைக்கழக மாணவர்களுக்கு இத்தாலிய மண்டல அமைப்புகள் தரும் உதவித்தொகை. பார்மா இருக்கும் எமிலியா-ரோமாஞ்ஞா மண்டலத்தில் அந்த அமைப்பின் பெயர் எர்கோ, பியெமோந்தேயில் எதிசு. தனியார் சமையல் பள்ளி டிப்ளமோவுக்கு இது கிடையாது. ஸ்காலர்ஷிப்பைக் காட்டி உங்களை டிப்ளமோவில் சேர்க்கப் பார்க்கிற ஏஜென்ட்டிடம், எந்த அமைப்பின் உதவித்தொகை, எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். போதும்.

2. பெயர் விவகாரம்: இனிஷியலை இப்போதே தீர்த்துவிடுங்கள்

இது தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "எஸ். மீனா" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் "மீனா சுந்தரம்" என்று இருக்கும், கல்லூரிச் சான்றிதழில் "மீனா எஸ்" என்று இருக்கும். நமக்கு இது ஒரே ஆள். இத்தாலியக் கவுன்ட்டரில் மூன்று ஆட்கள்.

இங்கே எல்லாப் படிவத்திலும் குடும்பப்பெயர், சொந்தப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் ஒரு அலுவலகத்தில் முழுப்பெயரையும் குடும்பப்பெயர் கட்டத்தில் போடுவார்கள், இன்னொரு அலுவலகத்தில் மாற்றிப் போடுவார்கள், பிறகு வரி எண் ஒன்று, குடியிருப்பு அட்டை ஒன்று என்று பொருந்தாமல் போகும். அதனால் விண்ணப்பத்தைத் தொடங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டமும் நிரம்பும்படி மறுவெளியீடு செய்துகொள்ளுங்கள். சான்றிதழ்களில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று ஒரு நோட்டரி உறுதிமொழி எடுத்து, அதையும் மற்ற ஆவணங்களோடு சேர்த்து அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகம் போடும் முத்திரை, வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் பின்னால் செய்தால் இன்னொரு சுற்று அலைச்சல்.

3. சான்றிதழ்கள்: அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு, மதிப்புச் சான்று

வரிசை முக்கியம். முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, அதன்பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், கடைசியில் இத்தாலிய மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்துவிட்டு அப்போஸ்டில் போட்டால், அப்போஸ்டில் முத்திரையில் இருக்கும் வாசகம் மொழிபெயர்ப்பில் வராது, திருப்பி அனுப்புவார்கள்.

அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். நேரில் போய்க் கொடுக்க முடியாது, அமைச்சகம் நியமித்த சேவை மையங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், அவர்களுக்குச் சிறு சேவைக் கட்டணம். இதற்கே ஒரு சான்றிதழுக்கு ஆயிரக்கணக்கில் பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாநிலச் சரிபார்ப்புக்கு அலைய நேரமில்லை என்றால் கொடுங்கள், அது உங்கள் விருப்பம், ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

பல்கலைக்கழகம் என்றால் கூடுதலாக, உங்கள் படிப்பு இத்தாலியில் எந்த நிலைக்குச் சமம் என்று காட்டும் தாள் வேண்டும். தூதரகம் தரும் திக்கியாரசியோனே தி வலோரே ஒரு வழி, ரோமில் உள்ள சிமேயா என்ற அமைப்பு தரும் ஒப்பீட்டுச் சான்று இன்னொரு வழி. எது வேண்டும் என்று கல்லூரிக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிமேயா முழுக்க இணையத்தில் நடக்கிறது என்பதால் பலருக்கு அது சுலபம்.

உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இன்னொரு கட்டு காகிதம் உண்டு: குடும்ப உறுப்பினர் பட்டியல், ஒவ்வொருவரின் வருமானம், வீடு நிலம் விவரம், டிசம்பர் 31 தேதியில் வங்கி இருப்பு. கேட்பது போன வருடக் கணக்கை அல்ல, பெரும்பாலும் அதற்கும் முந்தைய வருடத்துடையது. தாசில்தார் வருமானச் சான்றிதழை நடப்பு வருடத்துக்கு வாங்கிக்கொண்டு வந்து மாட்டிக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். கெடு ஆகஸ்ட், செப்டம்பரில் வந்துவிடும், இதையெல்லாம் மே மாதமே தொடங்கினால்தான் கட்டுப்படியாகும்.

4. பணம் காட்டுவதும் பணம் அனுப்புவதும்

விசாவுக்கு நீங்கள் காட்ட வேண்டிய குறைந்தபட்ச வாழ்க்கைச் செலவு, இத்தாலியின் சமூக உதவித்தொகை அளவை ஒட்டியது: 2025இல் மாதம் 538.69 யூரோ, வருடத்துக்கு 13 மாதக் கணக்கு, ஆக 7,002.97 யூரோ. ஆம், 13 மாதம்தான், இங்கே சம்பளமே அப்படித்தான் கணக்கிடுவார்கள். இது கல்விக் கட்டணமும் திரும்பி வரும் டிக்கெட்டும் சேராத தொகை. இதை வாழப் போதுமான தொகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்மாவில் தனி அறைக்கே மாதம் 350 முதல் 500 யூரோ ஆகும், மிலானோவில் இன்னும் மேலே.

விண்ணப்பத்துக்கு நான்கு நாள் முன்பு மாமாவிடம் வாங்கி மொத்தமாகக் கணக்கில் போட்ட பத்து லட்சம் அதிகாரிகள் கண்ணில் உடனே படும். ஆறு மாத அறிக்கை பார்ப்பார்கள். அப்படிப் பெரிய தொகை வந்தே ஆகவேண்டும் என்றால், அது எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் வையுங்கள்: நிலம் விற்ற பத்திரம், வைப்புநிதி முதிர்வு, நகைக்கடன் ரசீது, எதுவானாலும் சரி. அப்பாவோ அம்மாவோ பொறுப்பேற்றால் அவர்களுடைய வருமான வரித் தாக்கல் நகல்களும் வேண்டும்.

கல்விக்கடன் எதிர்பார்க்கிறீர்கள் என்றால் பள்ளியில் இடம் உறுதி செய்ய முன்பணம் கட்டுவதற்கு முன்பே வங்கியில் கேளுங்கள். பட்டம் அல்லாத டிப்ளமோ என்றதும் மேனேஜர் முகம் மாறும். ரூபாயை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் டி.சி.எஸ் என்ற வரியை வங்கியே முன்கூட்டிப் பிடிப்பார்கள், வங்கிக் கல்விக்கடனிலிருந்து நேராகப் போகும் பணத்துக்கு அது கிடையாது. பிடித்தது வரித் தாக்கலில் திரும்பி வரும் என்றாலும் கட்டணம் கட்டும் மாதத்தில் அது கையில் இருக்காதே.

5. விசா

90 நாளுக்கு மேற்பட்ட எந்தப் படிப்புக்கும் டி வகை தேசிய விசா. படிப்பு விசாவுக்கான கட்டணம் 50 யூரோவின் ரூபாய் மதிப்பு, அதோடு தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் சேவைக் கட்டணம். 2025 ஜனவரியிலிருந்து டி விசாவுக்கும் கைரேகை கட்டாயம், எனவே ஏஜென்ட் உங்களுக்காகக் கொண்டுபோய்க் கொடுக்கிற கதை நடக்காது, நீங்களே போக வேண்டும்.

பல்கலைக்கழகப் பாதை என்றால் முதலில் யுனிவெர்சிதாலி இணையதளத்தில் முன்பதிவு செய்து, கல்லூரி அதை ஏற்று, அந்தச் சுருக்கத் தாள் கையில் வந்தபிறகுதான் விசா. தொழிற்பயிற்சிப் பள்ளி என்றால் யுனிவெர்சிதாலி கிடையாது. 24 மாதத்துக்கு மேற்படாத, அங்கீகாரம் பெற்ற அமைப்பு நடத்தும் பயிற்சிகளுக்கு என்று இத்தாலிய அரசு ஒரு எண்ணிக்கை வரம்பு வைத்திருக்கிறது, அதற்குள் வருகிறீர்கள். அதனால் பள்ளியிடம் முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்: "உங்கள் படிப்புக்கு இந்திய மாணவர்களுக்கு எந்த வகை விசா வந்திருக்கிறது? பள்ளிக்கு மண்டல அரசின் அங்கீகாரம் உண்டா?" நல்ல பள்ளிக்கு இதற்கு ஆயத்தமான பதில் இருக்கும். மழுப்பினால் வேறு பள்ளி பாருங்கள்.

டிப்ளமோக்காரர்களிடம் தூதரகம் தேடுவது ஒன்றைத்தான்: இதுவரை படித்ததற்கும் இனிப் படிக்கப் போவதற்கும் தொடர்பு இருக்கிறதா? கேட்டரிங் படித்தவருக்குப் பிரச்சினை இல்லை. பி.காம் முடித்துவிட்டு ராவியோலி பாஸ்தா செய்யப் போகிறேன் என்றால் நம்ப வைக்க வேண்டும். உணவகத்தில் வேலை பார்த்த கடிதம், சம்பளச் சீட்டு, சொந்தமாகக் கேட்டரிங் செய்கிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம், இவற்றை வையுங்கள். நோக்கக் கடிதத்தில் "சிறு வயதிலிருந்தே பாட்டியின் சமையலறையில்" என்று தொடங்க வேண்டாம், அவர்கள் அதை நிறையப் படித்துவிட்டார்கள். இன்ன பள்ளி, இன்ன பாடம், அது முடிந்து ஊரில் இன்ன வேலை என்று நேரே எழுதுங்கள்.

தேசிய விசாவை முடிவு செய்யச் சட்டப்படி 90 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். ஜூலை, ஆகஸ்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மோதுவதால் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே பெரும்பாடு. பள்ளி அக்டோபரில் தொடங்குகிறது என்றால் ஜூன் மாதம் காகிதக் கட்டு கையில் தயாராக இருக்க வேண்டும். விசா வருவதற்கு முன் திருப்பித் தராத விமான டிக்கெட் எடுக்கவே எடுக்காதீர்கள். மறுத்தால் காரணம் எழுத்தில் வரும், 60 நாளுக்குள் ரோமில் லாட்சியோ நிர்வாக நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் வக்கீல் செலவைப் பார்க்கும்போது குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிப்பதுதான் பலருக்கு உருப்படியான வழி.

6. பெட்டியில் என்ன, என்ன கூடாது

நெய், பால்கோவா, திரட்டுப்பால், எந்த இறைச்சி வகையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனிப்பட்ட பயணி கொண்டுவரக் கூடாது, கருவாடு மட்டும் விதிவிலக்கு. பால் பொருள் என்றால் பால் பொருள்தான், சீல் வைத்த டப்பா என்பதெல்லாம் செல்லாது. பச்சைக் கறிவேப்பிலையும் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் கூடாது. மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி, காய்ந்த மிளகாய், பெருங்காயம், பருப்பு, புளி வரலாம். பெருங்காயத்தை மட்டும் இரண்டு பைக்குள் கட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைச் சமையல் கோட்டு வாசம் பிடித்துக்கொள்ளும்.

கத்திகள் சரக்குப் பெட்டியில். ஆனால் ஊரிலிருந்து செட்டாக வாங்கி வர வேண்டாம், பெரும்பாலான பள்ளிகள் சீருடையோடு கத்திப் பையையும் கட்டணத்தில் சேர்த்தே கொடுக்கும். செலவழிக்க வேண்டியது காலணியில்தான். இரும்பு முனை, வழுக்காத அடிப்பகுதி உள்ள அடுப்படிக் காலணி, அரை சைஸ் பெரியதாக. நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும்.

சான்றிதழ் மூலங்கள், விசாவுக்குக் கொடுத்த எல்லாவற்றின் நகல், எட்டுப் பத்துப் பாஸ்போர்ட் அளவுப் படங்கள், இவை கைப்பையில்.

7. இறங்கிய பிறகு முதல் எட்டு வேலைநாள்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். விசா உங்களை உள்ளே விடுவதற்கு மட்டும்தான். தங்குவதற்கு பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ என்ற குடியிருப்பு அனுமதி வேண்டும், அதற்கு வந்து எட்டு வேலைநாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

தபால் நிலையத்துக்குப் போங்கள். எல்லாக் கிளையிலும் நடக்காது, "ஸ்போர்தெல்லோ அமீகோ" என்று எழுதிய கவுன்ட்டர் உள்ள கிளை வேண்டும். அங்கே "கிட்" என்று கேட்டால் மஞ்சள் பட்டை போட்ட ஓர் உறை தருவார்கள், இலவசம். மாணவர்கள் அதில் முதல் படிவத்தை மட்டும் நிரப்பினால் போதும். கறுப்புப் பேனா, பெரிய எழுத்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர். உள்ளே வைக்க வேண்டியவை பாஸ்போர்ட், விசா பக்க நகல்கள், பள்ளிச் சேர்க்கைத் தாள், காப்பீடு, பணம் இருப்பதற்கான ஆதாரம். எல்லாம் நகல், மூலம் எதையும் உள்ளே போடாதீர்கள்.

செலவு இப்படி: முதலில் தபாக்கேரியா, அதாவது சிகரெட், பஸ் டிக்கெட் விற்கும் கடையில் 16 யூரோவுக்கு வரி ஸ்டாம்ப் வாங்கிப் படிவத்தில் ஒட்டுங்கள். ஒரு வருடம் வரைக்குமான அனுமதிக்கு 70.46 யூரோ பில், தபால் கவுன்ட்டருக்கு 30 யூரோ. ஆக 116.46.

உறையை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். திறந்தபடி கொடுத்தால் கவுன்ட்டர் ஆள் ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்து, பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு, கையெழுத்து வாங்கி, பிறகுதான் மூடுவார். முடிந்ததும் நீளமான ரசீது ஒன்றும், குவெஸ்தூரா என்ற காவல் அலுவலகத்தில் கைரேகைக்கு வரவேண்டிய நாளும் தருவார். அட்டை கையில் வர மாதக்கணக்கில் ஆகும், சில ஊர்களில் படிப்பே முடிந்துவிடும். அதுவரை அந்த ரசீதுதான் உங்கள் உயிர். வெயில் படும் இடத்தில் வைத்தால் எழுத்து மங்கிவிடும், அன்றே ஸ்கேன் எடுங்கள்.

அடுத்தது கோதிச்சே ஃபிஸ்காலே, வரி எண். வரி அலுவலகத்தில் இலவசம், இதற்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். வீட்டு ஒப்பந்தம், சிம், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். தாளை வாங்கியதும் கவுன்ட்டரிலேயே சரிபாருங்கள், 16 எழுத்தும் உங்களைப் பற்றித்தான் பேசுகின்றன: குடும்பப்பெயரிலிருந்து மூன்று எழுத்து, பெயரிலிருந்து மூன்று, பிறந்த வருடம், மாதத்துக்கு ஓர் எழுத்து, தேதி. பெண்களுக்குத் தேதியோடு 40 கூட்டுவார்கள், 7ஆம் தேதி பிறந்தவருக்கு 47 என்று வந்தால் பதற வேண்டாம். அடுத்து வருவது பிறந்த நாடு, இந்தியாவுக்கு இஸட் 222, இலங்கைக்கு இஸட் 209. கடைசி எழுத்து சரிபார்ப்புக்கு.

காப்பீட்டில் ஒரு பொறி. அரசு மருத்துவச் சேவையில் மாணவர் தன்னார்வமாகச் சேர 2024 முதல் வருடத்துக்கு 700 யூரோ, முன்பு நூற்றைம்பதுக்குள் இருந்தது. இன்னும் மோசம், அது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான கணக்கு. அக்டோபரில் வந்து முழுத்தொகை கட்டினால் டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும். இலையுதிர் காலத்தில் வருகிறவர்கள் பெர்மெஸ்ஸோவுக்கு ஏற்கும் தனியார் காப்பீட்டை முதலில் எடுத்து, தேவைப்பட்டால் ஜனவரியில் அரசு சேவைக்கு மாறுவதுதான் புத்திசாலித்தனம்.

8. அறை

அறையைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். "நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று சொல்லும் வீட்டுக்காரர் எல்லாத் தளத்திலும் இருக்கிறார். முதல் இரண்டு வாரத்துக்குப் பள்ளி விடுதியோ சிறு தங்குமிடமோ எடுத்துக்கொண்டு நேரில் தேடுங்கள்.

ஒப்பந்தம் வரி அலுவலகத்தில் 30 நாளுக்குள் பதிவாக வேண்டும். "பதிவு இல்லாமல் ஐம்பது யூரோ குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். ஒத்துக்கொண்டால் முகவரிச் சான்று கிடையாது, முன்வைப்பு (அட்வான்ஸ்) திரும்ப வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது, உதவித்தொகைக்காரர்கள் வெளியூர் மாணவருக்கான தொகையையும் இழப்பார்கள். தவிர, உங்களுக்கு இடம் கொடுப்பவர் 48 மணி நேரத்துக்குள் காவல் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள், குவெஸ்தூராவில் உதவும். வாடகையில் கேஸ், மின்சாரம் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஜனவரியில் ஹீட்டர் பில் வரும்போது கேட்டுப் பயனில்லை.

9. வகுப்பு

படிப்பு ஆங்கிலத்தில் என்றாலும் அடுப்படி இத்தாலியத்தில்தான் ஓடும். வருமுன் ஆறு மாதம் மொழி படியுங்கள், எண்களை முதலில். ஆர்டர் கத்துவது எண்ணில்தான். அப்புறம் சில சொற்கள் அனிச்சையாக வரவேண்டும்: யார் பின்னால் நடந்தாலும் "தியெத்ரோ", சூடான சட்டியோடு போனால் "கால்தோ", ஷெஃப் எது சொன்னாலும் "சி, ஷெஃப்". சொல்லாமல் சட்டியோடு திரும்புகிறவரை யாரும் மன்னிப்பதில்லை.

எமிலியாவில் முதல் வாரங்கள் பாஸ்தாவுக்கான முட்டை மாவில் போகும். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கிடையாது. நன்றாகப் பிசைந்து மூடி அரை மணி நேரம் விட்டு, மாத்தரெல்லோ என்ற நீளக் கட்டையால் மரப்பலகை மேல் தேய்க்க வேண்டும். நம் கை சப்பாத்திப் பழக்கத்தில் நடுவில் அழுத்தும், நடு மெலிந்து ஓரம் தடித்துப் போகும். இங்கே மாவின் விளிம்பைக் கட்டையில் சுற்றி, இரண்டு உள்ளங்கையையும் நடுவிலிருந்து வெளிப்பக்கம் நகர்த்திக்கொண்டே உருட்ட வேண்டும், அழுத்தம் கீழ்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் போகும். பலகை மரமாக இருப்பதற்குக் காரணம், அதன் சொரசொரப்பு மாவில் ஏறினால்தான் சாஸ் ஒட்டும். அடியில் வைத்த கை தெரியும் அளவுக்கு மெலிய வேண்டும். அதற்குள் ஓரம் காய்ந்தால் பூரணம் வைத்து மடிக்கும் தொர்தெல்லி ஒட்டாது, வெந்நீரில் வாய் பிளக்கும். நிதானமாகச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள்.

சாப்பாட்டு விஷயம். ருசி பார்க்காமல் சமையல் படிக்க முடியாது என்பது பள்ளிகளின் நிலை, அதில் நியாயமும் இருக்கிறது. பார்மா பன்றித் தொடை இறைச்சியின் ஊர், பண்டிகைக்கு வைக்கும் அனொலினி என்ற பூரணப் பாஸ்தாவில் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு இருக்கும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியே கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்வது, சைவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். எதைத் தொடுவேன், எதை நாக்கில் வைத்துத் துப்புவேன், எதை முடியாது என்று சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் பள்ளியிடம் சொல்லிவிடுங்கள். முன்னால் சொன்னவர்களுக்கு ஏதாவது ஏற்பாடு செய்கிறார்கள், வகுப்பு நடுவில் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். மன உறுதி இல்லாமல் கட்டணம் கட்டிவிட்டு வந்து தவிப்பதைவிட, வராமல் இருப்பது எவ்வளவோ மேல்.

10. ஸ்டேஜ்

படிப்பின் பகுதியாக வரும் ஸ்டேஜுக்கு ஊதியம் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படிப்பு முடிந்தபின் செய்யும் பயிற்சிக்குத்தான் ஒவ்வொரு மண்டலமும் குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கிறது. இதைத் தெரியாமல் "ஸ்டேஜில் சம்பாதித்துக் கடனை அடைப்பேன்" என்று கணக்குப் போடாதீர்கள். கையெழுத்திடும் திட்டத் தாளில் மூன்று விஷயம் பாருங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தங்குமிடம் உண்டா, விபத்துக் காப்பீடு யார் பெயரில்.

வேலைநேரம் பெரும்பாலும் உடைந்தே இருக்கும். காலை பத்து மணிக்குப் போய் மூன்று மணிக்கு வெளியே வந்து, மறுபடி ஆறு மணிக்குப் போய் நள்ளிரவு வரை. உணவகம் கிராமத்தில் இருந்தால் கடைசிப் பேருந்து எட்டு மணிக்கே போயிருக்கும், அதனால் நடக்கும் தூரத்தில் அறை இல்லாத இடத்தை, எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவரைத் தாளில் நாற்பது மணி நேரம் எழுதிவிட்டு அறுபதுக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள், அத்தனை நாளும் உருளைக்கிழங்கும் ஆர்ட்டிசோக் என்ற காயும் உரித்ததுதான். மணி நேரத்தை தினமும் குறித்து வைத்திருந்ததால் பள்ளி தலையிட்டு வேறு இடத்துக்கு மாற்றியது. நீங்களும் முதல் நாளிலிருந்து குறித்து வையுங்கள்.

தனியாகப் பகுதிநேர வேலை பார்க்க மாணவர் அனுமதியில் வாரத்துக்கு 20 மணி நேரம், வருடத்துக்கு 1,040 மணி நேரம் வரை சட்டம் இடம் தருகிறது. வகுப்பு நடக்கும் மாதங்களில் உடம்பு இடம் தருமா என்பது வேறு விஷயம்.

11. ஊருக்குப் போய் வருவது, புதுப்பிப்பது

அட்டை வராமல் ரசீதோடு ஊருக்குப் போகலாம், ஆனால் விசா காலாவதி ஆகியிருந்தால் ஃப்ராங்ஃபர்ட், பாரிஸ் வழியாக மாறிப் போகும் டிக்கெட் எடுக்காதீர்கள். ரசீது மற்ற ஷெங்கன் நாடுகளில், அதாவது இத்தாலியோடு பொது விசா முறையில் உள்ள ஐரோப்பிய நாடுகளில், செல்லாது. இத்தாலியிலிருந்து நேராக ஷெங்கனுக்கு வெளியே போகும் விமானம், உதாரணத்துக்கு துபாய் அல்லது தோஹா வழி, அதே வழியாகத் திரும்புதல். மலிவு டிக்கெட்டைப் பார்த்து இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம்.

புதுப்பிக்க வேண்டியிருந்தால் காலாவதிக்கு 60 நாள் முன்பே கிட் கொடுங்கள். ஆகஸ்டில் எதையும் நம்பி வைக்காதீர்கள், 15ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ என்ற கோடை விடுமுறை நாளை ஒட்டி ஊரே கடைசாத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடும், அலுவலகங்களிலும் பாதி ஆள்தான்.

படிப்பு முடிந்து இங்கேயே வேலை என்றால், படிப்பு அனுமதியை வேலை அனுமதியாக மாற்றுவது 2023 முதல் வருடாந்தர ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்கு வெளியே வந்துவிட்டது, வேலை ஒப்பந்தம் கையில் இருந்தால் எந்த மாதமும் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு வேலை தேட 12 மாதம் வரை தனி அனுமதியும் உண்டு. டிப்ளமோக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, அவர்கள் பெர்மெஸ்ஸோ காலாவதி ஆவதற்குள் ஒப்பந்தத்தைப் பிடித்தாக வேண்டும். எனவே ஸ்டேஜ் பாதி தாண்டும்போதே ஷெஃப்பிடம் வாய் திறந்து கேளுங்கள், வைத்துக்கொள்ள விருப்பமா இல்லையா என்று. இல்லை என்று சொன்னால் அடுத்த இடம் தேட அப்போதும் சில வாரங்கள் மிச்சமிருக்கும்.